அவர் தேய்த்த பச்சை சோப்பு

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் வணக்கத்தோடு எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா? நான் நலம்தான்.

இங்கே கடையில் ஒரு கூத்து. நம் மதத்துச் சனங்களை வதைக்கிற நாட்டுச் சாமானை இனி யாரும் வாங்கக் கூடாதாம். அதையெல்லாம் முதலாளி என்னைக் கொண்டே பெட்டியில் அடுக்கவைத்தார். உங்கள் மகன் சாகும்வரை தேய்த்துக் குளித்த பச்சை சோப்பும் அதில் இருந்தது. ஒன்றை மூக்கருகே பிடித்தேன். கூட வேலை செய்யும் அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடி, நம்ம சனத்துக்கே துரோகமா?"

"வாங்கலைக்கா, மோந்துதான் பார்த்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தானே அத்தை.

அவர் தேய்த்த மிச்சத் துண்டு நம் குளியலறையில் கிடக்கும். அங்கேயும் யாராவது சொன்னார்கள் என்று எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் படாமல் எடுத்து வையுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மருமகள்