இடக்கை கிட்டார்

கிட்டாரின் சொந்தக்காரருக்கு,

வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் கழித்துப் போன் செய்து, "கிட்டார் பத்திரமா இருக்கா?" என்று கேட்டீர்கள். மகளிடம் போனைக் கொடுப்பதற்குள் வைத்துவிட்டீர்கள்.

அது சௌக்கியம். நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். பக்கத்துத் தெரு மாஸ்டர் பார்த்ததுமே சிரித்தார்.

"இது இடது கைக்காரர் வாசிச்சதும்மா, கம்பியெல்லாம் மாத்திப் போட்டிருக்கு. சரி, முதல்ல என்ன கத்துக்கறீங்க? பாட்டா, கார்ட்ஸா?"

"கம்பியைக் கழட்டி மாட்டக் கத்துக்குடுங்க" என்றேன்.

இந்த வீட்டில் கத்தரிக்கோல்கூட உங்கள் கைக்கு வாங்கியதுதான். பதினோரு வருடம் எல்லாவற்றையும் கோணலாகவே வெட்டினேன். உங்களுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

விரல் கிழிய ஆறு கம்பியையும் என் கைக்கு மாற்றிவிட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துப் போங்கள். போவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தக் கத்தரிக்கோல் என் கையில் எப்படி இருந்தது என்று தெரியும்.

இப்படிக்கு,
வலது கைக்காரி