மோடத்தைத் தொட எனக்கும் அனுமதி

1998 ஜனவரி 18, ஒதாரு, ஜப்பான்

காலையிலிருந்து பனி கொட்டுகிறது. என் கடைக்கு முடிவெட்ட ஒருவரும் வரவில்லை. கணவர் ஷுன்சாகு கப்பலில். எஞ்சின் அறை வேலைக்குப் போனால் அப்படி ஒருவர் இருப்பதே மறந்துவிடும். பிரேசிலில் தங்கை சயோகோவுக்கு இது பிரசவ மாதம். காது கேட்காதவளிடம் தொலைபேசியில் என்ன பேச? மின்னஞ்சல் வந்த பிறகுதான் நாங்கள் மறுபடி சண்டை போடுகிறோம்.

ஜனவரி 19

மின்னஞ்சல் பார்க்க, லினக்ஸ் கணினியில் தொலைபேசி லைன் வழியாக இணையத்துக்கு நானே டயல் செய்து பார்த்தேன். "அனுமதி மறுக்கப்பட்டது." ரூட் என்ற தலைமைப் பயனராக நுழைந்தால்தான் மோடம் அசையுமாம். கடவுச்சொல் அவரிடம் மட்டும். போன வாரமே கேட்டேன். "ரூட்ல ஒண்ணு தப்பா அடிச்சா மெஷினே போயிடும், ஹிசாயோ. வேணாம்."

ஜனவரி 21

வேறொரு துறைமுகத்திலிருந்து போன் செய்தார். கத்திவிட்டேன். "உங்க கழுத்துல சவரக்கத்தி வெக்க மட்டும் என்னை நம்புவீங்களா?"

கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். "டயல் பண்ணிட்டு வெளிய வந்துடு. வேற எதையும் தொடாத, தாயே."

மோடம் கீச்சிட்டது. சயோகோவின் கணவர் எழுதியது, மூன்று நாள் பழசு. ரத்த அழுத்தம், அவசர அறுவை, பெண் குழந்தை, இருவரும் நலம். அடுத்ததில் அவளுடைய ஒரே வரி: "அக்கா, ஏன் பதிலே காணோம்?"

அழுதேன். பதில் எழுதினேன். அப்புறம் வேறொன்றையும் தொட்டேன் — ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.

ஜனவரி 24

வந்ததும் கணினி முன் உட்கார்ந்தார். நான் அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஹிசாயோ, உள்ளயே விட மாட்டேங்குதே."

"கேக்கணும்ல?"

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது. "குடேன்மா" என்றார்.

ஜனவரி 26

திங்கள், கடைக்கு விடுமுறை. பகல் முழுக்கக் கோப்புகளின் அனுமதிகளை மாற்றினார். மோடத்தைத் தொடக்கூடியவர்களின் குழுவில் என் பெயர். ரூட் அதிகாரம் டயல் செய்யும் நிரலுக்கு மட்டும். அதை இயக்க எங்கள் குழுவுக்கு அனுமதி. இனி ரூட்டே வேண்டாம்.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"

"நீ இப்படிக் கத்துவேன்னு தெரியாதே."

பிப்ரவரி 9

துறைமுகத்திலிருந்து பனியில் நடந்தே வந்தார். காரை எடுத்துவரச் சொல்ல எத்தனை தடவை கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லையாம். "சயோகோவா?" என்று மட்டும் கேட்டார். குழந்தையின் படம் திரையில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் பனியோடு என் பின்னால் நின்றார். முகம் முழுதாகத் தெரிந்ததும், "உன் மூக்கு" என்றார்.