ஊதா விளக்கில் சிவந்த என் அக்காவின் கட்டியை மீண்டும் இருட்டில் வைத்துப் பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
கல்லீரல் பிரிவில் இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியின் தங்கை,
மொபைல் பழுதுபார்க்கும் கடை ஊழியர்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: கல்லீரல் கட்டி ஒளிரவில்லை என்ற ஆய்வுக்கூட அறிக்கையை நிறுத்திவைத்து, உறைபெட்டியில் உள்ள மறுபாதியைச் சோதிக்க வேண்டுதல் - வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அக்காவின் கல்லீரல் கட்டி ஒளிர்ந்தது ஐயா, ஊதா விளக்கின் கீழே தணல் மாதிரி சிவப்பாக, உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே, உங்கள் யூடியூப் சேனலிலேயே, ஊரே பார்க்க ஒளிர்ந்தது. உங்கள் அறிக்கையில் மட்டும்தான் ஒளிரவில்லை.

1. நான் கல்லூரிக்குப் போனவள் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் உங்கள் ஆய்வுக்கூடம் வெளியிடும் வீடியோக்களில் கற்றது. ஒன்றைக்கூட விட்டதில்லை. அவற்றுக்கென்று ஒரு ரசிகர் குழுவே நடத்துகிறேன். என் அக்கா, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர், என்னை "ஹீமு" என்றுதான் கூப்பிடுகிறார். ஆகவே இது உங்கள் எதிரி எழுதும் மனு அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. தாங்கள் அறிந்ததுதான், என்றாலும் மனுவுக்குத் தேவை என்பதால் எழுதுகிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் அதே ஹீமை நல்ல கல்லீரலும் தனக்காக ஓயாமல் தயாரிக்கிறது. மருந்துகளையும் நச்சையும் உடைக்கும் புரதங்களுக்கு அது வேண்டும். முதலில் போர்ஃபிரின் என்ற வளையம் உருவாகும். கடைசி வேலையாக அதன் நடுவில் ஓர் இரும்பு அணு பொருத்தப்படும். நல்ல கல்லீரல் இதைச் சட்டென்று முடித்துவிடும். பல கட்டிகளில் அந்தக் கடைசி வேலை மந்தம். அந்த வளையத்துக்கான மூலப்பொருளை மருந்தாகக் குடிக்கக் கொடுத்தால், இரும்பு ஏறாத வளையங்கள் கட்டிக்குள் குவிந்துவிடும். ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிர்வது அவைதான். கட்டி எங்கே முடிகிறது, நல்ல கல்லீரல் எங்கே தொடங்குகிறது என்று அறுவை மருத்துவர் கண்ணாலேயே பார்க்கலாம்.

3. முதல் அறுவைச் சிகிச்சையின்போது ஊதா விளக்குள்ள கேமரா இன்னும் அறுவை அறைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் அக்காவுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். எடுத்த கட்டி ஒளிர்கிறதா என்று ஆய்வுக்கூடம் பார்த்துச் சொன்னால், இரண்டாவது சிகிச்சையை விளக்கோடு செய்யலாம் என்பது திட்டம். மருந்து குடித்தபின் அக்காவைத் திரை போட்ட அறையில் படுக்க வைத்தார்கள். சார்ஜர் தேட நான் போனில் டார்ச் அடித்ததற்கு செவிலியர் ஓடி வந்தார்.

"ஏம்மா, அணைம்மா அதை. அவங்க உடம்புல இப்ப இருக்குற மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, தோல் வெந்துடும்."

"விடுங்க சிஸ்டர்," என்றார் அக்கா. "எதிர்ல வர்ற லாரிக்கு ஹைபீம் போட்டே பழகின கை அவளுக்கு."

4. அறுவை நடந்த அன்றே வெளியானது தங்கள் சேனலின் நூறாவது வீடியோ. அதில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், "இன்னிக்கு நமக்கு வந்த ஒரே லிவர் இதுதான்" என்று சொல்கிறார். அன்று நடந்த ஒரே கல்லீரல் அறுவை என் அக்காவுடையது. படம்பிடிக்க எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் குறையை இப்போது ஒதுக்கி வைக்கிறேன். வீடியோவின் தொடக்கத்தில் ஊதா விளக்கு எரிகிறது. தட்டில் இரண்டு துண்டுகள். நல்ல கல்லீரல் மங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் கட்டி சிவந்து ஒளிர்கிறது. கட்டியின் மறுபாதியைத் தொழில்நுட்பர் அலுமினியத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைக்கிறார். அதன்பின் ஒரு குரல், "ஒண்ணுமே தெரியலப்பா, ரிங் லைட்டைப் போடு" என்கிறது. பிறகு கட்டியை அந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழேயே வைத்து, வசனம் தப்பத் தப்ப, மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார்கள். தப்பின வசனங்களையெல்லாம் கடைசியில் வேடிக்கைக்காகச் சேர்த்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன் ஐயா. அது யாருடையது என்று அப்போது யோசிக்கவில்லை.

5. ஒளிர்வை அளக்கும் வேலை இதெல்லாம் முடிந்த பிறகுதான் நடந்திருக்கிறது; வீடியோவின் கடைசியில்தான் "சரி, இனி அளக்கலாம்" என்கிறார்கள். போர்ஃபிரின் மீது வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அது சிதைந்து ஒளிர்வு அழியும் என்பது தங்கள் சேனலே கற்றுக்கொடுத்த பாடம். அக்காவை டார்ச் வெளிச்சத்திலிருந்துகூடக் காப்பாற்றினார்கள். கட்டியை ரிங் லைட்டிலிருந்து காப்பாற்ற அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

6. அறிக்கை சொல்வது: "ஒளிர்வு இல்லை. இந்நோயாளிக்கு விளக்கு முறை பயன்படாது." இன்னும் எடுக்காத இரண்டாவது கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது. விளிம்பு தெரியாவிட்டால் அகலமாக வெட்ட வேண்டும். அக்காவின் கல்லீரல் ஏற்கனவே தழும்பேறியது. அகலமாக வெட்டினால் மிச்சம் போதாது. ஆகவே அறுவையே வேண்டாம் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகப் போகிறது என்று வார்டு மருத்துவர் சொன்னார்.

7. ஆய்வுக்கூடத் தலைவரை நேரில் பார்த்தேன்.

"வீடியோ பார்த்துட்டு வந்து எங்களுக்கே பாடம் எடுக்காதீங்கம்மா."

"உங்க வீடியோதான் சார்."

அவர் என் போனை வாங்கினார். நான் அந்த வீடியோவை அதில் பதிவு செய்து வைத்திருந்ததைப் பார்த்து, "போன் கலரை மாத்திக் காட்டும், இதெல்லாம் ஆதாரம் ஆகாது" என்றார். அன்று மாலையே சேனலில் இருந்த வீடியோவின் தொடக்கம் வெட்டப்பட்டுவிட்டது.

தொழில்நுட்பர் மட்டும் வாசல் வரை வந்தார். "தாராளமா எழுதும்மா. ஆனா என் தலையில மட்டும் கட்டிடாத, அந்த ரூம்ல எல்லாரும்தான் நின்னோம்." அவ்வாறே எழுதுகிறேன். அவர் ஒருவர்மீது நடவடிக்கை எடுப்பது என் கோரிக்கை அல்ல.

8. மறுபாதி இன்னும் உறைபெட்டியில், தாளுக்குள், இருட்டில் இருக்கிறது. மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஊதா விளக்கில் அதை ஒருமுறை பார்த்தால் போதும். அதுவும் ஒளிராவிட்டால் வாய் மூடிக்கொண்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஒளிர்ந்தால், அக்காவை அறுவை மேஜையில் ஏற்றாமல் அனுப்ப யாருக்கும் காரணம் இருக்காது.

இந்த மனுவில் "காலில் விழுந்து கேட்கிறேன்" என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா படித்தார். பேனாவை வாங்கி அதை அடித்தார். "கெஞ்சாத. கேளு. நம்ம பொருளைத்தானே பார்க்கச் சொல்றோம்?" என்றார்.

ஆகவே கேட்கிறேன்: பழைய அறிக்கையை நிறுத்திவையுங்கள். மறுபாதியை, எங்களில் ஒருவர் உடனிருக்க, புதன்கிழமைக்குள் சோதியுங்கள். முடிவு தெரியும்வரை வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் அக்காவின் பெயரை எடுக்காதீர்கள்.

இதன் நகல் எங்கள் ரசிகர் குழுவிலும் போடப்படுகிறது. நண்பர்களே, நூறாவது வீடியோவை வெட்டுவதற்கு முன் சேமித்தவர்கள் யாராவது இருந்தால் இன்றே அனுப்புங்கள். ஒரு போன் கலரை மாற்றிக் காட்டலாம். உங்கள் எல்லார் போனும் ஒரே மாதிரி மாற்றாது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களைத் திட்டி ஒரு வார்த்தையும் போடாதீர்கள், நாளை அந்தத் தாளைப் பிரிக்கப் போவது அவர்கள் கைதான். சேமிக்காதவர்கள் இதைப் பகிருங்கள், சேமித்தவர் கண்ணில் படும்வரை.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: கல்லீரல் பிரிவு வார்டு வாசல்

தங்கள் பதிலுக்காக இங்கேயே உட்கார்ந்திருக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் தங்கை