ஸ்டிப்பேயின் மீசை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு சவப்பெட்டிகளுக்குக் கைப்பிடி பொருத்தினேன். சவ ஊர்தியைக் கழுவினேன். ஆஸ்திரேலியாவின் இந்தப் போர்ட் லிங்கன் துறைமுகக் காற்றில் அத்தனை உப்பு, மதியத்துக்குள் கண்ணாடி மறுபடி மங்கிவிட்டது. இறுதிச் சடங்கு வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது மாதம். எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு மேலே இருக்கும் கோரிக்கு முப்பத்தொன்று. "மீன் ஆலையவிட இங்க வாடை கம்மிதானே, ஜனெல்?" என்கிறான். இதற்கு முன் நான் மீன் ஆலையில் இருந்தவள்; தினமும் இதே நக்கல்.

மார்ச் 5

மழை. பாடப்புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம். தூங்கிப்போனேன்.

மார்ச் 6, வியாழன்

ஸ்டிப்பேயின் உடல் வந்தது. குரோஷியக் குடும்பம், சூரைமீன் பிடிக்கும் படகுக்காரர், எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்ததில் முகமெல்லாம் முடி. கோரி வெளியே போயிருந்தான். நான் தனியாகவே குளிப்பாட்டி, நகம் வெட்டி, சவரம் செய்தேன். ஒரு கீறல் இல்லை. பெருமையாக இருந்தது — எழுதவே கூசுகிறது.

கோரி வந்து பார்த்தான். "மீசை எங்க?"

குடும்பம் நிரப்பித் தந்த படிவத்தின் பின்பக்கத்தில் அவர் மனைவி யெலிட்சா எழுதியிருந்தார்: தாடியை எடுங்கள், மீசையைத் தொடாதீர்கள். நான் முன்பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன். என்ன மனுஷி நான்! ஒரு தாளத் திருப்பிப் பாக்கத் தெரியாதா?

நாளை மாலை ஆறு மணிக்கு ஜெபமாலை. பெட்டி திறந்திருக்கும். ஊரே வந்து பார்க்கும்.

"பின்கழுத்து முடிய வெட்டி ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது," என்றான் கோரி.

"தெரிஞ்சா?"

"என் வேலை போகும். அதுக்கு முன்னாடி உன்னோடது."

நான் தொலைபேசியை எடுத்தேன். அவன் தடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பத்து மணிக்கு யெலிட்சா மகன் டாமிரோடு வந்தார். டாமிர் கத்தினான். "எங்கப்பாவ என்ன, மீனுன்னு நெனச்சியா? செதில் சுரண்டுற மாதிரி சுரண்டி வச்சிருக்க!" நான் எங்கே வேலை பார்த்தேன் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

யெலிட்சா கத்தவில்லை. குனிந்து முகத்தைப் பார்த்தார். "நாப்பத்தொம்பது வருஷத்துல இந்த மேலுதட்ட நான் பாத்ததே இல்ல. இது யாரோ."

"தப்பு என்னோடதுதாங்க."

"தெரியும். ஃபோன்லயே சொல்லிட்டியே. இப்ப திருப்பி வை."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டிப்பேயின் பின்கழுத்து முடியையே வெட்டி, இடுக்கியால் நாலைந்து இழையாக ஒட்டினேன். கோரி பசையைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தான்.

"வலது பக்கம் கொஞ்சம் தாழ்த்து. சிகரெட்ட அந்தப் பக்கம்தான் வச்சுப்பான்," என்றார் யெலிட்சா.

தாழ்த்தினேன்.

"ஐயய்ய, இது போலீஸ்காரன் மீசை. கலைச்சு விடு."

டாமிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெளியே போனான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

மூன்று மணி நேரம். கடைசியில் யெலிட்சா ஒற்றை விரலால் மீசையை நீவிவிட்டார். "ம். இவன்தான்." வாசல் வரை போய்த் திரும்பினார். "உன்ன மன்னிக்கல. அதையும் தெரிஞ்சுக்கோ."

மாலையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியிலகூட மீசைய நல்லா கவனிச்சிருக்காங்களே," என்றார் ஒரு படகுக்காரர். யெலிட்சா ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 11

நடந்ததை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். பயிற்சிக்காலம் மூன்று மாதம் கூடுதல். வேலை இருக்கிறது.

ஏப்ரல் 2

எந்தத் தாளைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கிறேன். கடை ரசீதைக்கூட.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று முதல்முறையாக ஒரு இறுதிச் சடங்கை நானே நடத்தினேன். எண்பத்தொரு வயது மூதாட்டி, யெலிட்சாவின் நாத்தனார். கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, தேவாலயத்திலிருந்து தெருமுனை வரை சவ ஊர்திக்கு முன்னால் நடந்தேன். எதிரே வந்த லாரி ஓரங்கட்டி நின்றது. எதையும் மறக்கவில்லை. பூ, பாட்டு, தூக்குகிறவர்கள் — எல்லாம் சரியாக அமைந்தது.

அடக்கம் முடிந்து சமூகக் கூடத்தில் சுவரோரம் நின்றிருந்தேன். யெலிட்சா ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து என் கையில் திணித்தார்.

"தின்னு."

தின்றேன். அவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"வேகமா நடந்துட்ட. என் சாவு ஊர்வலத்துல முன்னாடி நடக்கும்போது இப்படி ஓடாத."

சரிங்க என்றேன்.