எஞ்சினுக்காகக் கையெழுத்துப் போடாதே

தேங்காய்ப்பட்டணம்,
திங்கள்கிழமை.

அன்பு மகன் முஹம்மது ஷரீஃபுக்கு உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சஜ்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவும் நானும் சஜ்னாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். அந்த வெயிலில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி ஏசி மாட்டுகிறவன் நீ, போனில் சுகம் என்றுதான் சொல்கிறாய், தொண்டை கட்டியிருப்பது எனக்குக் கேட்காமல் இல்லை.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ, செரி உம்மா நான் பாத்துக்கிடுதேன் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. நம் தெரு ஜக்கரியா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். விஷயம் இதுதான். கம்பெனியில் இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னாய். வாப்பாவுடைய வள்ளத்து எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, புதிது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன் என்றாய். மக்கா, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பேனாவை எடு.

நீ போவதற்கு முந்தின மாதம் நினைவிருக்கிறதா? பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் அடுக்களைக்குள் இருந்த இந்தச் சஜ்னாவை நீதான் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாய். பாலத்துத் தூணிலிருந்து வலைக் கொட்டகை வரைக்கும் வள்ளத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்பாய். இவளை மண்ணெண்ணெய்க் கேனைப் போல ஒவ்வொரு இடமாக மாற்றி வைப்பாய். ஏட்டி முன்னால அணியத்துல போய் இரி, இப்ப நடுவுல வா, மூச்சப் புடிச்சுக்க, எடை கூடும் என்று நீ சத்தம் போடுவது கரையில் நிற்கிற எனக்குக் கேட்கும். அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். போனில் நேரம் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவள்தான். கடைசியில் பின்பலகையில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு பலாப்பலகையை வைத்து எஞ்சினைத் தூக்கி மாட்டினாய், தண்ணீருக்குள் இறங்குகிற அதன் கால் எவ்வளவு சாயலாம் என்று நிறுத்துகிற ஊசியை ஒரு ஓட்டை வெளியே தள்ளிப் போட்டாய், விசிறியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளுகிற வேறு விசிறி போட்டாய். அன்றைக்கு நீயும் அவளும் மட்டும், வலை இல்லை, ஐஸ் இல்லை, வள்ளம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போனது. எனக்க மோன் வள்ளத்துக்குச் செறகு வச்சு விட்டுட்டானாக்கும் என்று வாப்பா டீக்கடையில் ஒரு வாரம் சொன்னார். அந்தச் சாயங்காலத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீ பனியன் நனைந்து வந்து, உம்மா பசிக்குது என்று சொன்னது வரைக்கும்.

நீ போன பிறகு வாப்பா பெரிய ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினார். பின்னால் வலைக்கே இடம் போதாது என்று அதைக் கொண்டுபோய் முன்னால் அணியத்தில் வைத்தார். நாலு ஆள், வலை, ஐஸ் எல்லாம் ஏறியதும் வள்ளம் மெதுவாகிவிட்டது. மற்ற வள்ளங்கள் ஏலம் முடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நேரத்தில்தான் நம்முடையது துறைமுகத்துக்குள் வரும். அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் எஞ்சின் வீல் வீலென்று கத்தும், ஆனால் வள்ளம் நகராது. வாப்பா உன்னிடம் போனில், எஞ்சினுக்கு வயசாயிப்போச்சு மக்கா என்று சொன்னது அப்போதுதான். புதுக்கடையிலிருந்து மெக்கானிக் ஸ்மைலின் மூன்று தடவை வந்தான். பிளக் மாற்றினான், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். எஞ்சினுக்கு ஒரு சூக்கேடும் இல்ல காக்கா, அது இருக்க இருப்பத்தான் பாக்கணும், அந்தப் பலகைய எடுத்துப் பாப்போமா என்று கேட்டதுதான் தாமதம், வாப்பா அவன் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார். அத தொடாண்டாம் டே, எனக்க மோன் பிஸ்மி சொல்லி வச்சதாக்கும் என்றார். ஸ்மைலின், அப்ப மோனயே வந்து பாக்கச் சொல்லும் என்று கோபித்துக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டான். நான் வாப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். வள்ளம் கரையில் கிடக்கும்போது நானே அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளை கை வைத்த இடம் அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் நினைத்தோம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை.

இதை உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபப்படாதே. போன வாரம் ஒரு காலையில், ஆறு கடலில் சேருகிற முகத்தில் அலை பெரிது. இரண்டு அலைக்கு நடுவில் ஓடி உள்ளே வந்துவிட வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சரியாக அந்த இடத்தில் பின்னாலிருந்து அலை தூக்க, விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைப் பிடித்துக் கத்தியது. தள்ளல் இல்லாமல் வள்ளம் குறுக்கே திரும்பிவிட்டது. நம் வள்ளத்து ஆபேல் தெறித்துத் தண்ணீரில் விழுந்தான். பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் கயிறு வீசி எடுத்தார்கள். இடது தோள் இறங்கிவிட்டது, இன்னும் கட்டுப் போட்டுத்தான் இருக்கிறான். பார்க்கப் போன வாப்பாவிடம், எஞ்சினுக்க கூப்பாடு பொறுக்க முடியாம நான் தானா சாடுனதாக்கும் காக்கா, நீரு பயப்படாண்டாம் என்று சிரித்தானாம். வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் உன் தங்கச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தன்னைப் பற்றித் தானே எழுத மாட்டாளாம். எழுதுட்டி, நான் சொல்லுகதுதானே என்று அதட்டித்தான் மேலே எழுத வைக்கிறேன். மூன்றாம் நாள் மதியம் வாப்பா சோற்றுக்கு உட்கார்ந்தபோது இவள் அந்தப் பழைய நோட்டைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அன்றைக்கு உன்னோடு ஓடியபோது எழுதியது. சஜ்னா அணியத்தில், எஞ்சின் கத்துகிறது, இரண்டு நிமிஷம் இருபது. சஜ்னா நடுவில், கத்தவில்லை, ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து. அதற்குக் கீழே புதிதாகப் பென்சிலில் ஒரே ஒரு வரி. இப்போது அணியத்தில் ஐஸ் பெட்டி. வாப்பா அதை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது, கையில் சோறு காய்ந்துவிட்டது. இந்தப் புள்ளைக்க எடைக்கே அந்தக் கத்து கத்தியிருக்கு என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் தானே பஸ் ஏறி ஸ்மைலின் வீட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஆற்றில் இறக்கினார்கள். கடலுக்குப் போகிறது போலவே வலையும் ஐஸும் ஏற்றி, ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்து. வாப்பாவும் ஸ்மைலினும் நேரம் பார்க்க இவளும். வாப்பா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட நின்றார், அப்போது இவள் வாயைத் திறந்தாள். ஒண்ணொண்ணா வாப்பா, இல்லைன்னா எது சரியாச்சுன்னு தெரியாது, காக்கா அப்படித்தான் செய்வான் என்று உன்னைச் சொன்னாள். ஸ்மைலின், இது பேசுமா என்று கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டான். முதலில் ஒன்றும் மாற்றாமல் ஓடினார்கள், மூன்று நிமிஷம் ஐந்து. ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்தினார்கள், இரண்டு ஐம்பது, கத்தல் பாதி குறைந்தது. அடுத்தது பலகை. ஸ்மைலின் ஸ்பானரை எடுத்ததும், நான் எடுக்கேன் டே என்று வாப்பாவே முழங்காலைத் தண்ணீரில் ஊன்றிக் கழற்றினார். எஞ்சின் இறங்கி, விசிறிக்கு மேலே இருக்கிற தட்டு வள்ளத்தின் அடிக்கு நேராக வந்தது. எவ்வளவு வெட்டித் திருப்பினாலும் கத்தவில்லை, இரண்டு நாற்பத்திரண்டு. பிறகு காலின் ஊசியை ஒரு ஓட்டை உள்ளே போட்டுப் பார்த்தார்கள், மூக்கு தண்ணீரில் குத்தி நேரம் கூடிவிட்டது. திரும்பவும் நீ போட்ட ஓட்டையிலேயே போட வேண்டியதாயிற்று. வாப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. பாத்தியாடே, எனக்க மோன் வச்ச ஓட்டை, மாறுமா என்று ஸ்மைலின் முதுகில் ஒரு அடி. மிச்சம் விசிறிதான். ஆளும் பாரமும் இல்லாத வள்ளத்துக்கு நீ போட்டது, பாரத்தோடு அதைச் சுற்ற முடியாமல் எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்றான் ஸ்மைலின். நீ கழற்றிப் போட்ட பழையது கோழிக்கூட்டுத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே கிடந்தது, நான்தான் வைத்தேன். வளைந்திருந்த இதழைத் தட்டி நிமிர்த்தி, விளிம்பை அரத்தால் ராவி மாட்டினான். இரண்டு நிமிஷம் இருபது. வாப்பா ஆற்றின் நடுவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, நேரத்தை இவளிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஆறு வேறு, முகம் வேறு. நாளைக்கு விடியும் முன்னே கடலுக்குப் போகிறார். அவர் திரும்பி வந்தபின் மீதியை எழுதலாம் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை உன்னிடம் ஒன்றும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை. அல்ஹம்துலில்லாஹ். ஒன்பது மணிக்கெல்லாம் நானும் இவளும் கரையில் போய் நின்றோம். அலை நேற்றையதைவிடப் பெரிது. முன்னால் இரண்டு வள்ளம் உள்ளே வந்தது, மூன்றாவது நம்முடையது. பின்னாலிருந்து அலை தூக்கியபோது இவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் சிவந்திருக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டேன். கத்தவில்லை மக்கா. ஒரே சீரான சத்தம், அலை விழுவதற்குள் வள்ளம் உள்ளே வந்துவிட்டது. கரையில் கட்டோடு நின்ற ஆபேல் ஒற்றைக் கையால் துண்டைச் சுழற்றிக் கூவினான். மீன் இரண்டு கூடைச் சாளைதான். மீனுதான் இல்ல, எஞ்சினுக்கு ஒரு கொறயும் இல்ல என்று வாப்பா இறங்கும்போதே சொன்னார். வீட்டுக்கு வந்து டீயைக் குடித்துவிட்டு, பலகைய எடுத்ததுல அவனுக்கு வருத்தம் வருமோ என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதிலை நீயே அவரிடம் சொல்லிக்கொள். பிறகு, நான் சொல்லுகத அப்படியே எழுது என்று சஜ்னாவைக் கூப்பிட்டார். அவன் அங்க நிக்கணும்னா அவனுக்காட்டு நிக்கட்டு, எனக்க எஞ்சினுக்காட்டு நிக்காண்டாம். இவ்வளவுதான் சொன்னார், முகம் கழுவப் போய்விட்டார்.

மக்கா, உனக்கு அந்த வேலை பிடித்திருந்து, இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்தால் உனக்கு நல்லது என்று தோன்றினால் நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் எங்கள் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போடாதே. வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொள், தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடி. பொட்டலத்தில் நெய்மீன் கருவாடும் முந்திரிக்கொத்தும் இருக்கிறது, ரூமில் எல்லோருக்கும் கொடு, உனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. உன் வாழ்விலும் உன் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், உன் கை கால்களை ஆபத்திலிருந்து காக்கட்டும். மாதக் கடைசி அடுத்த வியாழக்கிழமை, மறந்துவிடாதே. அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைக் கூப்பிட்டு உன் முடிவைச் சொல்.

இப்படிக்கு,
துஆவுடன் உன் உம்மா,
ஹபீபா பீவி.

காக்கா, உம்மா தொழப் போயிருக்கிறார்கள், அவர்கள் சொல்லாததை நான் எழுதுகிறேன். எனக்குக் கூச்சம், அதனால்தான் இத்தனை நாள் வாப்பாவிடம் சொல்லாமல் இருந்தேன் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐஸ் பெட்டியை அணியத்தில் வைத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சொன்னால் பலகையைக் கழற்றுவார்கள், விசிறியைக் கழற்றுவார்கள், நீ வைத்தது ஒவ்வொன்றாகப் போய்விடும் என்றுதான் நோட்டை ஒளித்து வைத்தேன். ஆபேல் அண்ணன் விழுந்ததற்கு நானும் காரணம். அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். போ ட்டி, நீந்தத் தெரிஞ்சவன்தானே விழுந்தான் என்று சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை. உன்னிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நீ இன்னும் இரண்டு வருஷம் இருந்தாலும் எங்களுக்குச் சரிதான் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். சரியில்லை காக்கா. வந்துவிடு.

சஜ்னா.