மீதி அறுபத்தைந்து கிலோமீட்டர்

அரவேணு,
டிசம்பர் 4.

அன்பு மகன் அஸ்வந்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். நீ அங்கே டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வரியில் அப்பாவும் நலம் என்று எழுத வேண்டும், எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்றரை மாதமாகப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகின பொய் காகிதத்தில் வர மாட்டேன் என்கிறது. போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதாசி என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவருக்குக் கேட்கும், மெசேஜ் அனுப்பலாம் என்றால் அந்தப் போனே அவர் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது, நீ ஏதாவது அனுப்பினாயா என்று மணிக்கு நாலு தரம் எடுத்துப் பார்க்கிறார். அதனால் பட்டறையில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கேட்டால் ரேஷன் கார்டுக்கு மனு எழுதினேன் என்று சொல்லிக்கொள்வேன், பொய் சொல்லத்தான் நன்றாகப் பழகிவிட்டதே.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. போன வாரம் காட்டெருமை இரண்டு பின்பக்கத் தேயிலைக்குள் இறங்கித் தண்ணீர்ப் பைப்பை மிதித்து உடைத்துவிட்டன, மூன்று நாள் குடத்தில் தூக்கினேன். ரஞ்சனி அத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோத்தகிரியிலிருந்து வந்து எனக்குக் கை கொடுக்கிறாள், அப்பாவைப் புரட்டிப் போட ஒருத்தியால் ஆகாது. இதெல்லாம் உனக்கு வேண்டாத சேதி, உனக்கு வேண்டிய சேதி வண்டி. வண்டி நன்றாக இருக்கிறது. நான் எழுதுகிற இடத்துக்கு நேர் எதிரேதான் போர்வை போர்த்தி நிற்கிறது. அதற்கு ஒரு கீறல் கிடையாது.

போன வருஷம் தீபாவளிக்கு நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. அந்தக் காலத்து வண்டி மாதிரி, பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே இல்லாமல், சட்டத்தோடு சக்கரத்தை நேராகப் பூட்டின வண்டி. ரிஜிட் ஃப்ரேம் என்றாய், நீ சொல்லித்தான் அந்தப் பேரே எங்களுக்குத் தெரியும். அப்பாவின் எண்பத்து நாலாம் வருஷத்து புல்லட்டை அப்படி மாற்றித் தந்தால் வரப்போகிற இந்தத் தை மாதம் சிநேகிதர்களோடு வந்து மலை முழுக்க ஓட்டுவேன் என்றாய். நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் தலை காட்டாத பிள்ளை வருகிறேன் என்று சொல்லிவிட்டால் போதாதா, மறுநாளே வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார். நீயோ விடவில்லை, பார்க்கப் பழசாக இருக்க வேண்டும், ஆனால் நடுவழியில் ஒரு தடவை கூட நிற்கக் கூடாது, நின்றால் சிநேகிதர்கள் முன்னால் எனக்கு அசிங்கம், உங்கள் தகரக் கொட்டாய்ப் பட்டறையில் அந்த அளவுக்குச் செய்ய முடியுமா என்று கேட்டாய். அந்தக் கொட்டாய் போட்ட சோற்றைத் தின்ற வாயால் கேட்டாய். அவர் சிரித்தார், செய்யலாம் சாமி என்றார். போனை வைத்த பிறகு சாப்பிட வரவில்லை.

அவர் பட்ட பாட்டை நீ போட்டோவில்தான் பார்த்தாய், நான் கூடவே இருந்து பார்த்தேன். மூடின டீ ஃபேக்டரியிலிருந்து வாங்கின பழைய இரும்புச் சட்டத்தை மேஜையாகப் போட்டு, அதில் வண்டியின் முதுகெலும்பைப் பூட்டி, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நூல் பிடித்து நூல் பிடித்து, வெல்டிங் இருளப்பன் அண்ணனை ஒரே குழாயை மூன்று தரம் அறுத்து ஒட்ட வைத்தார். அரை நூல் அளவு கோணல் தெரிந்தாலும் மறுபடி அறுப்பு. ஸ்பிரிங் இல்லாத வண்டி எல்லாவற்றையும் உதறிப் போடும் என்று ஒவ்வொரு போல்ட்டிலும் துளை போட்டுக் கம்பி கட்டினார், பேட்டரிக்கும் டேங்குக்கும் அடியில் ரப்பர் வைத்தார், பல்பு கூட அறுந்துபோகாமல் இருக்க வழி பண்ணினார். எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்த மனுஷன் ஓட்டுகிறவனுக்கும் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைக்கிறேன், அந்தக் கால வண்டியிலும் அது உண்டு என்று உன்னிடம் கெஞ்சினார். சீட் உயர்ந்துவிடும், வண்டியின் லைன் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டாய். தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்த இரண்டு ஸ்பிரிங்கையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தார்.

உங்க அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த காலத்தில், மிஷினைப் பிரித்து மாட்டினவன் அது ஒரு ஷிப்ட் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். பட்டறை வைத்த பிறகும் அதை விடவில்லை. புது எஞ்சின் போட்ட எந்த வண்டியையும் ஆயிரம் கிலோமீட்டர் தானே ஓட்டிப் பார்க்காமல் சாவி கொடுத்ததில்லை. நான் ஓட்டுகிறேன் கொடுங்க என்று இருளப்பன் அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டார். “நட்டு முடுக்குனவந்தான் கூட நிக்கோணும்” என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக் கிளம்பிவிட்டார். அவர் முதுகு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா கண்ணு? நீ பத்தாவது படிக்கும்போது ஃபேக்டரியில் ரோலரைத் தூக்கப் போய் டிஸ்க் விலகி ஆறு மாதம் படுத்தாரே, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டவனே நீதானே. அந்த முதுகு இருக்கிற வீட்டுக்குத்தான் ஸ்பிரிங் இல்லாத வண்டி கேட்டு எழுதினாய். இந்தப் பழியில் என்னையும் நான் விடவில்லை. காலையில் கிளம்பும்போது வலி மாத்திரையை டிபன் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக் கொடுத்தவள் நான்தான். வண்டி முடிந்தால் நீ வருவாய் என்று எனக்கும் ஆசை இருந்தது.

ஆவணி மாதம், பகல் பதினோரு மணி இருக்கும். குஞ்சப்பனைக்கு மேலே பைப் போடத் தோண்டி மூடாமல் விட்ட குழி, மழைத் தண்ணீர் நின்று ரோடு மாதிரியே தெரிந்திருக்கிறது. வண்டி உள்ளே இறங்கி மேலே ஏறிவிட்டது. விழவில்லை அஸ்வந்த், அவர் விழவே இல்லை. ஒரு நட்டு தளரவில்லை, ஒரு பல்பு போகவில்லை. அந்தப் பழைய புல்லட்டுக்குக் கியர் வலது பக்கம், வலது கால் மரத்துப்போய் அதை மிதிக்க வரவில்லையாம், ஒரே கியரில் வீடு வரைக்கும் வந்துவிட்டார். பட்டறை வாசலில் நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இறங்குங்க, காபி ஆறுது என்று நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். நானும் இருளப்பன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் அணைத்துத் தூக்குகிறோம், வேட்டி நனைந்து சொட்டுகிறது, அது அவருக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்க அப்பா சொன்னது என்ன தெரியுமா, “எஞ்சினை நிறுத்தாதீங்க, சூட்டுல ஆயில் கசியுதான்னு குனிஞ்சு பாருங்க” என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அது பாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு நசுங்கிவிட்டது, காலுக்குத் திரும்ப உயிர் வருவது கஷ்டம், மூத்திரத்துக்கு டியூப்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பையனுக்கு உண்மை தெரிய வேண்டாம், பாத்ரூமில் வழுக்கிட்டேன், இடுப்பில் அடி, நடக்க நாளாகும் என்று சொல்லு என்றார். சொன்னேன். அன்றைக்கு நீ என்னைக் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு தரையைக் காய வைக்கத் தெரியாதா, ரப்பர் பாய் வாங்கிப் போடு என்று எத்தனை தடவை சொன்னேன், நாள் முழுக்க ஊட்டில்தானே இருக்கிறாய், அப்படி என்ன வேலை உனக்கு என்று கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நானும் ஆமாம் கண்ணு, என் தப்புத்தான் என்றேன். போனை வைப்பதற்கு முன்னால், வண்டி வேலை இதனால் நின்றுபோகாதே என்றும் கேட்டாய்.

முந்தாநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். ஜனவரி பத்தாம் தேதி கோயம்புத்தூரில் இறங்குகிறாய், சிநேகிதர்கள் இரண்டு நாள் கழித்து வருகிறார்கள், டேங்கின் பச்சை இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும், அப்பாவை இன்னொரு கோட் அடிக்கச் சொல். அவர் அதைத் திரும்பத் திரும்ப ஐந்து தரம் கேட்டார். கோட் அடிக்க முடியாத வருத்தத்தில் அல்ல, உன் குரல் அதில் சந்தோஷமாக இருக்கிறதாம். பிறகு அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. மீட்டரில் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து நிற்கிறது, ஆயிரம் முடியாமல் எப்படி ஒப்படைப்பது என்று. ஏர்போர்ட்டிலிருந்து நம் ஊட்டு வாசலுக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர், மீதியை அவனே ஓட்டி முடிக்கட்டுமே என்றேன். அவனுக்கு முதுகு வலிக்குமே, அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து இருளப்பன்கிட்டக் கொடு, சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங்கையும் மாட்டிவிடட்டும், லைன் கெட்டாலும் பரவாயில்லை என்றார்.

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், இரண்டு ஸ்பிரிங்கையும் ஓடையில் வீசிவிட்டு வந்தேன். மாட்டியாச்சு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்தாம் தேதி இருளப்பன் அண்ணன் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வருவார். ஏற்றும்போது சீட்டைக் கழற்றிவிடுவார், அதன் நாலு நட்டையும் நீயே முடுக்கிக்கொள், அப்போது முடுக்கினவன் நீ என்று ஆகிவிடும், அப்பாவின் வழக்கமும் கெடாது. உன் பெட்டி வேனில் வரட்டும், நீ வராதே. டாக்ஸி பிடித்து வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் ரோடு சுகமாக இருக்கும், அதை நம்பி ஏமாந்துவிடாதே, ரோட்டின் குணமெல்லாம் அதற்கு மேலேதான் தெரியும். குஞ்சப்பனைக்கு மேலே அந்தக் குழியை இன்னும் சரியாக மூடவில்லை, ஒதுங்கிப் போக இடமும் இல்லை.

இன்னொன்று. நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவர் காலில் விழுந்து அழலாம், மன்னிப்புக் கேட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வராதே, அந்தச் சுகம் உனக்குக் கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர் என்றே நம்புகிற மாதிரி நடி. மூன்றரை மாதம் நான் சுமந்தேன், இனி நீ சும. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும், வழியில் எங்கேயாவது நின்றதா, ஆயில் கசிந்ததா என்றுதான் முதலில் கேட்பார். நிற்கவே இல்லைப்பா என்று சிரித்த முகமாகச் சொல்லு, அது ஒன்றுக்காகத்தான் அவர் கிடக்கிறார். சொல்லிவிட்டு அவரை நீயே தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்து வண்டியைக் காட்டு.

நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், பெற்றவள் வாயால் மனசாரத்தான் சொல்கிறேன். மறக்காமல் நல்ல ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் எடுத்து வா, பனிக்கு மஃப்ளர் சுற்றிக்கொள். நீ சொன்ன ரப்பர் பாயை வாங்கி பாத்ரூமில் போட்டுவிட்டேன், அதில் கால் வைக்கத்தான் அவருக்கு வழியில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பா. சுகுணா.