கொடுக்கப் போன இடத்தில்

போர்ட் சயித்,
நோன்புப் பெருநாள் கழிந்த வாரம்.

என் பிரியமுள்ள அக்கா பஹியாவுக்கு,

உன் தம்பி ஷவ்கி சலாம் சொல்லி எழுதுவது. நானும் கரீமாவும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் உன் குரல் கேட்டால் பேச வந்தது மறந்து அழுதுவிடுகிறேன். அதனால்தான் காகிதம்.

டொராண்டோவில் பனி விட்டதா? இங்கே கால்வாய்க் காற்று அதற்குள் சுடுகிறது.

உன் சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டது, வேறு ஒன்று பொருத்த வேண்டி வரலாம் என்று நீ சொன்ன அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்று உனக்கு. முன்கூட்டிச் சொன்னால் தடுப்பாய் என்று சொல்லாமல் மருத்துவமனைக்குப் போனேன். கரீமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, "பெண் பார்க்கவா போறீங்க?" என்று கேலி செய்தாள்.

டாக்டர் மெர்வத் நல்ல பெண். முதலில் என் வயிற்றைச் சுற்றி டேப் வைத்தாள். "ஹாஜி, டேப் பத்தலையே" என்றாள். பிறகு பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். "தொப்பை, பிரஷர், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, நாலும் கூட்டு சேர்ந்து உங்க சிறுநீரகத்தை அரிச்சிருக்கு. உங்களுக்கே பாதிதான் வேலை செய்யுது. இதுல அக்காவுக்கு எதைக் கொடுப்பீங்க?" என்றாள்.

எனக்கு ஒரு வலியும் இருந்ததில்லை, அக்கா. கொஞ்சம் கால் வீங்கும், அவ்வளவுதான்.

"இத்தனை இனிப்பு எப்போ பழகினீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போரில் ஊரைக் காலி செய்து மன்சூராவில் அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோமே, நடுவில் போர்வை கட்டி மூன்று குடும்பம். கரும்பலகையில் யாரோ எழுதிப் போன கணக்கை அம்மா கடைசிவரை அழிக்க விடவில்லை. "அந்தப் பசங்க திரும்பி வந்து போடட்டும்" என்பாள். ரேஷன் சர்க்கரை வந்தால் உன் பங்கையும் என் தேநீரில் கொட்டிவிட்டு, "எனக்கு இனிப்பு பிடிக்காது" என்பாய். நானும் நம்பினேன். ஊர் திரும்பி உன் கல்யாணத்தில் நீ ஒரு தட்டு பஸ்பூசா ரவை இனிப்பை ஒருத்தியாகத் தின்றபோதுதான் தெரிந்தது. டாக்டரிடம், "இது எங்க அக்கா பண்ணின வேலைம்மா" என்றேன். அவளும் சிரித்தாள். வெளியே வந்து படகுத் துறையில் உட்கார்ந்து தனியாக அழுதேன்.

இப்போது உப்பில்லாத ரொட்டி, மாத்திரை, சாயங்கால நடை. ஊறுகாய் ஜாடியைக் கரீமா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் எனக்குப் பல வருஷம் ஓடும் என்கிறார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

இனி சொல்ல வேண்டியது ஒன்று. உன் மகள் யுஸ்ரா என்னைப் போனில் கூப்பிட்டாள். பரிசோதனை எல்லாம் பொருந்தி வந்தும், "என் பிள்ளை உடம்பில் கத்தி வைக்க மாட்டேன்" என்று நீ அவளை விரட்டிவிட்டாயாமே. "மாமா, அம்மா என்கிட்ட இருந்து ஒரு வாய்த் தண்ணிகூட வாங்க மாட்டேங்கறாங்க" என்று அழுதாள். அவள் சின்னக் குழந்தை இல்லை. யோசித்துத்தான் கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. டாக்டர்களிடம் நீயே போய்க் கேள். கேட்டுவிட்டுப் பிறகு மறு.

நான் கொடுத்துவிட்டால் அவளைக் கேட்க வேண்டியிருக்காது என்றுதான் ஓடினேன். முடியவில்லை. அவளிடம் வாங்கிக்கொள், அக்கா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தெருவில் எல்லோரும் ஹாஜி என்கிறார்கள். "டேய்" என்று கூப்பிட உன்னைத் தவிர எனக்கு யாரும் மிச்சமில்லை.

உன் தம்பி,
ஷவ்கி